விளிம்பு தேய்ந்த கிண்ணம்

எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் பாதியிலேயே நின்றுபோகும். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில் எனக்கு அது பெரிய மனக்குறை. சண்டை என்றால் ஒரு முடிவு வேண்டாமா? நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "உங்க பெரியப்பா வீட்டு விசேஷத்துல எங்கப்பாவை எங்க உக்கார வச்சீங்க?" என்று அவள் கேட்பாள். "அதை ஏன்டி இப்பக் கிளப்புற? நானா உக்கார வச்சேன்? அந்த..." என்று அவர் எகிறுவார். அத்தோடு சரி. ஒரு முனகல், பிறகு அமைதி. கொஞ்ச நேரத்தில் டம்ளர் சத்தம் கேட்கும். இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குதிகாலை அவர் அக்குளில் ஊன்றி, வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் அவள் அப்பாவைப் பற்றிய சண்டையில் இருந்தது. அவருக்குக் கோபம் வந்து பதில் சொல்ல வாய் திறந்த நேரம் தோள் இளகியது. 'டொக்' என்று எலும்பு உள்ளே போய் உட்கார்ந்தது. அவர் அந்தப் பதிலை அப்படியே விழுங்கிவிட்டு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"சண்டை போட்டாத்தான் அக்கா இவரு தோளை மறப்பாரு. இல்லன்னா இறுக்கிப் பிடிச்சுக்குவாரு. எலும்பு நகராது" என்றாள் என்னிடம், ஏதோ சோறு பொங்கும் பக்குவம் சொல்கிற மாதிரி.

அவர் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் சீலிங்காரர். மேலே இரும்புச் சட்டத்தைத் தொங்கவிட்டு, வெள்ளைப் போர்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றி ஸ்க்ரூ முடுக்கி, இடுக்குகளில் பட்டி பூசி மறைக்கிற வேலை. அவர் பலகை மேல் நின்று, தலையில் கட்டிய துணிச் சும்மாட்டால் போர்டை முட்டுக் கொடுத்துக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் பின்பக்கமாகத் திருப்பி ஸ்க்ரூ முடுக்கும் மெஷினை அழுத்துவார். அவள் கீழே நின்று போர்டு அறுத்துக் கொடுப்பாள், இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி அடித்த முட்டுக்கட்டையால் மறுமுனையைத் தாங்கிப் பிடிப்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் தலை முதல் கால் வரை மாவு கொட்டிய மாதிரி வருவார்கள். படிக்கட்டில் அவர்கள் கால்தடம் வெள்ளையாகக் கிடக்கும். கீழ்வீட்டுக்காரி திட்டிக்கொண்டே கூட்டுவாள்.

பல வருஷத்துக்கு முன்னால் பலகை நழுவி, அவர் சட்டத்தை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கியிருக்கிறார். அன்றைக்குத்தான் தோள் முதலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டார்கள். எப்படி ஏற்றினார்கள் என்று அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு அது தன் இஷ்டத்துக்கு வெளியே வர ஆரம்பித்தது. போர்டு தூக்கும்போது வரும், பனியன் கழற்றும்போது வரும், ஒரு தடவை தூக்கத்தில் புரண்டபோதே வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள்தான் ஏற்றினாள். வேலை நடக்கிற இடத்தில் என்றால் போர்டு அடுக்குக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வார். அங்கேயும் அவள் அப்பா கதைதான்.

"மொத தடவை அரைமணி நேரம் மல்லுக்கட்டுனேன் அக்கா. வேர்த்து ஊத்திருச்சு. இப்பப் பாருங்க, தொட்டவுடனே போயிருது. கை பழகிருச்சு."

அவளுக்கு அதில் பெருமை. எனக்கும்தான், சொல்வதற்கு என்ன. நான் ஒரு சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சட்டைக் கை தைத்துக் கொடுக்கிறவள். கைப்பழக்கம் என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. மற்ற வேலையாட்கள்கூட அவளைக் கைராசிக்காரி என்று சொல்வார்களாம். யாருக்காவது சுளுக்கு என்றால் இவளிடம் நீட்டுவார்களாம்.

வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. அவளுக்கு அண்ணி, அவளைப் பார்த்து எனக்கும் அண்ணி. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், காலை நீட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்து வீட்டை ஆள்கிறவர். மாடிப்படி இறங்கி எத்தனையோ காலம் ஆயிற்று. ஆனால் தெருவில் நடப்பது எல்லாம் நமக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

"எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது, இவனுக்குத் தோளு நிக்க மாட்டேங்குது. ஒரே வயித்துல பொறந்ததுக்கு ஆளுக்கு ஒண்ணாப் பங்கு போட்டுக்கிட்டோம்" என்பார். தம்பியைப் பார்த்து, "டேய், கொஞ்சம் உன் ஆட்டத்தை எனக்குக் குடுடா, என் இறுக்கத்தை நீ எடுத்துக்க" என்று கேலி பேசுவார். அவரும் சிரிப்பார்.

சிரிப்பு நின்றது ஒரு மழைக்காலக் காலையில். கொடியில் காயாமல் கிடந்த துண்டை எட்டி எடுக்கப் போனவருக்குத் தோள் இறங்கிவிட்டது. அவள் வழக்கம்போல இழுத்தாள், உள்ளே போனது. ஆனால் விரல்கள் மரத்துப்போய்விட்டன. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. டீ மடியில் கொட்டியது. சூடு தெரிந்து துள்ளியது தொடைதான், கை சும்மா கிடந்தது. அவள் என் கதவைத் தட்டினாள். அண்ணியால் படி இறங்க முடியாது, துணைக்கு நான் போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் விரல்களுக்கு உணர்வு திரும்பிவிட்டது. "அதான் சரியாப் போச்சே, திரும்பிரலாம்" என்று வாசலிலேயே அடம்பிடித்தார். அவள் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். எலும்பு டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். படம் எடுக்கச் சொல்லி, வந்ததும் வெளிச்சத்தில் மாட்டிவைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை தடவை வெளிய வந்துச்சு?"

"கணக்கு வைக்கல" என்றார் சீலிங்காரர்.

"யாரு உள்ள போட்டது?"

"இவதான்" என்றார் பெருமையாக. அவளும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் திட்டவில்லை. தன் முழங்கையை மடக்கி நீட்டிக் காட்டினார். "இது கீல் மூட்டு. கதவு மாதிரி. ஒரு பக்கமா மடங்கும், நீளும், அவ்வளவுதான். முட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான். மண்டை ஓட்டுலயும் மூட்டு இருக்கு, ஆனா அது அசையவே அசையாது."

"எங்க போர்டு ஜாயின்ட் மாதிரி. அசைஞ்சா வெடிப்பு விழுந்துரும்" என்றார் அவர்.

"அதேதான். இடுப்பும் தோளும் பந்துக் கிண்ண மூட்டு. ஒரு எலும்போட தலை பந்து, இன்னொரு எலும்புல இருக்கிற குழி கிண்ணம். இடுப்புல கிண்ணம் நல்ல ஆழம். லேசுல நழுவாது, ஆனா கை மாதிரி எல்லாப் பக்கமும் சுத்தவும் சுத்தாது. தோள்ல கிண்ணம்னு பேருதான், சின்னத் தட்டு. பெரிய எலுமிச்சம்பழத்தை அதுல வச்சிருக்கு. அதனாலதான் கை மேல போகுது, பின்னால போகுது, வட்டம் போடுது. பழம் உருண்டு விழாம இருக்க தட்டு விளிம்புல மெத்துனு ஒரு வளையம் இருக்கும். சுத்தி ஒரு உறை, தசை. அதுங்கதான் பிடிச்சு வச்சிருக்கு." படத்தில் ஓரிடத்தில் பேனாவை வைத்தார். "இவருக்கு இந்தப் பக்கம் வளையம் இல்ல. விளிம்பு எலும்பும் உடைஞ்சு தேய்ஞ்சிருக்கு. வெளிய வர்றப்ப உரசும், உள்ள போறப்பவும் உரசும். மொரட்டுத்தனமா இழுத்தா இன்னும் உடையும்."

"ஆனா டாக்டர், இப்பல்லாம் ரொம்ப சுலபமாப் போகுதே" என்றாள் அவள். "முன்ன மாதிரி இழுக்கவே வேண்டாம். தொட்டவுடனே போகுது."

"அதைத்தான்மா சொல்றேன். தடுக்க விளிம்பு இல்ல. அதான் சுலபமாப் போகுது, சுலபமா வருது."

அவள் மடியில் இருந்த இரண்டு கையையும் மெதுவாகப் பையின் வாருக்குள் நுழைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் தன் கைத்திறமை என்று நினைத்தது அவர் எலும்பு தேய்ந்த கதை என்று தெரிந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

டாக்டர் ஆபரேஷன் பற்றிச் சொன்னார். தோளுக்குப் பக்கத்திலிருந்து சின்ன எலும்புத்துண்டு எடுத்து, தேய்ந்த விளிம்பில் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்களாம்.

"ஸ்க்ரூவா?" சீலிங்காரருக்கு முதல் தடவையாக ஆர்வம் வந்தது. "என்ன சைஸ்?" பிறகு முகம் மாறியது. "கை மேல போகுமா?"

"போகும். பல மாசம் பயிற்சி பண்ணணும், கனமான வேலை கூடாது. மேல தூக்கலாம். பின்பக்கமாத் திருப்புறது கொஞ்சம் குறையலாம்."

சீலிங்காரர் எழுந்து நின்றார். தலையில் போர்டு இருக்கிற மாதிரி கழுத்தை விறைப்பாக்கி, இடது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்ப் பின்னால் திருப்பினார். வலது கையைத் தூக்க அவருக்கே பயம். "இப்படி?"

"அது பழையபடி வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

"அப்ப வேணாம்."

"வேணாம்னா அடுத்த தடவை கட்டாயம் வெளிய வரும். அப்ப யாரும் இழுக்கக் கூடாது, நேரா இங்க வரணும். இன்னைக்கு விரல் மரத்துச்சு. நரம்போ ரத்தக்குழாயோ நடுவுல மாட்டினா கையே வேலைக்கு ஆகாமப் போயிரும். புரியுதா?"

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அவளுக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. வேலைக்குப் போகாமல் அவர் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். நடந்து அலுத்தால் மாடிப்படியில் வந்து உட்கார்வார், உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் எழுந்துவிடுவார். ராத்திரி கையை வயிற்றோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்தாராம். அவளோ துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். முட்டை பொரிக்க எண்ணெயைக் காய வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து நிற்பாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பிப் போவாள்.

"சரி பண்றேன், சரி பண்றேன்னு நெனச்சுக்கிட்டு, நான் அரைச்சுக்கிட்டு இருந்திருக்கேன் அக்கா" என்றாள் ஒருநாள்.

"நீ வேணும்னா பண்ணுன?"

"வேணும்னு பண்ணலன்னா தேயாதா?"

நூல் அறுந்ததைக் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அண்ணி ஒருபக்கம் தன் நியாயத்தைச் சொன்னார். "டேய், சீலிங் இல்லன்னா செவுத்துக்குப் பெயின்ட் அடி. கை ஒண்ணு போச்சுன்னா அதுவும் கிடையாது."

"செவுரும் மேல வரைக்கும்தான்க்கா போகுது."

"கீழ் பாதியை அடி. மேல் பாதிக்கு ஆள் வச்சுக்க."

"கீழ் பாதி அடிக்கிறவன்னு என்னை யாரு கூப்பிடுவா? பலகை மேல ஏறுனாத்தான் நான். கீழ நின்னா நான் யாரு?"

நல்ல கேள்விதான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டை ஆள்கிற அந்த அம்மாளிடம் கேட்டதுதான் தப்பு. "நான் நடக்கிறதே இல்ல, நான் யாருன்னு உனக்குத் தெரியலையா?" என்று ஒரு போடு போட்டார். தம்பி மறுபடி ஜன்னலுக்கு நடந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் மூடிக்கிடந்த கடையை யாரோ எடுத்தார்கள். செருப்புக் கடை வைக்கப் போகிறார்களாம், சீலிங் வேண்டுமாம். குடியிருக்கிற கட்டடத்திலேயே வேலை, நாலு படி இறங்கினால் போதும். அவர் ஒப்புக்கொண்டுவிட்டு வந்துதான் அவளிடம் சொன்னார்.

"போங்க. நானும் வர்றேன்" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. தோளு வெளிய வந்தா நான் தொடமாட்டேன்."

"அப்பப் பாத்துக்கலாம்" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க. தொடமாட்டேன்னா தொடமாட்டேன்."

வேலை ஓடியது. சட்டம் ஏறியது, முக்கால்வாசிப் போர்டும் ஏறிவிட்டது. மழை நின்று புழுக்கம் தாங்கவில்லை. அன்று மத்தியானம் அண்ணி கட்டிக் கொடுத்த சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நான்தான் இறங்கினேன். கடைக்குள் போர்டுத் தூசி புகையாக நின்றது. அவர் பலகை மேல், போர்டைத் தலையில் தாங்கி, ஒரு பக்க ஓரத்தை முடுக்கி முடித்துவிட்டு மறுபக்கத்துக்குக் கையை நீட்டினார். அவள் கீழே முட்டுக்கட்டையைப் பிடித்திருந்தாள். மெஷின் உறுமியது. சட்டென்று நின்றது. மெஷின் தரையில் வந்து விழுந்தது.

அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையை இடது கையால் குழந்தையைப் போல ஏந்தியபடி பலகையிலிருந்து இறங்கினார். தோளின் உருண்டை காணாமல் சட்டைக்குள் பள்ளம் தெரிந்தது. மேலே போர்டு ஒரு பக்க ஸ்க்ரூவிலும் அவள் பிடித்திருந்த கட்டையிலுமாகத் தொங்கியது. அவர் நேராகத் தரையில் மல்லாந்து படுத்தார்.

"அக்கா, நீங்க கட்டையைப் பிடிச்சுக்கங்க" என்றார் என்னிடம். நான் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். "இந்தா, சீக்கிரம் போடு. போர்டு வளைய ஆரம்பிச்சிருச்சு. போட்டுட்டேன்னா நான் ஏறி ரெண்டு ஸ்க்ரூ அடிச்சிருவேன்."

அவள் நகரவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? இழு!"

"மாட்டேன்."

"விரல் மரக்குதுடி!"

"அதனாலதான் மாட்டேன். எழுந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போர்டு விழுந்துரும்டி, இவ்வளவு நேரம் பட்ட பாடு..." வலியில் அவர் முகமெல்லாம் வேர்வை. அவள் ஆரம்பிக்க மாட்டாள் என்று தெரிந்ததும் அவரே ஆரம்பித்தார். "உங்கப்பனை நான்தான் கடைசி வரிசையில உக்கார வச்சேன்! வேணும்னேதான் வச்சேன்! போதுமா? இப்ப இழு!"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள். கையைப் பிடித்து இழுத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அத்தனை வருஷப் பழக்கம், அவர் படுத்துக் கிடக்கிறார், ஒரே ஒரு இழுப்பு. அவள் குனிந்தாள். குனிந்து அவர் தலையிலிருந்த சும்மாட்டை உருவித் தன் தலையில் வைத்துக் கட்டினாள். மெஷினை எடுத்துக்கொண்டாள். பலகை மேல் ஏறினாள்.

"ஏய், நீ ஏறாத! இறங்கு! உனக்குப் பழக்கம் இல்ல!"

"கீழ இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"பாக்கிறதும் அடிக்கிறதும் ஒண்ணா?"

அவள் தலையைப் போர்டுக்கு அடியில் கொடுத்து நிமிர்ந்தாள். என் கையில் இருந்த கட்டையின் பாரம் பாதியாகக் குறைந்தது. கையைத் தூக்கினாள். முழங்கை காதைத் தாண்டி மேலே போனது, முன்கை பின்னால் திரும்பியது. வேலைக்காக அவள் போட்டிருந்த பழைய சட்டையில் தோள்மூட்டுத் தையல் இழுபட்டுப் படபடவென்று விட்டது. சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு முதுகில் சறுக்கி மேலே ஏறுவது எனக்கே தெரிந்தது. நாள் முழுக்கச் சட்டைக் கை தைக்கிறேன், உள்ளே இவ்வளவு நடக்கும் என்று நினைத்ததில்லை. முதல் ஸ்க்ரூ வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

கீழே படுத்திருந்தவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரத்துல வைக்காத. போர்டு உடைஞ்சிரும்" என்றார். குரல் மாறியிருந்தது. "ஒரு விரக்கடை உள்ள தள்ளி வை. ஆங். மெஷினை நேராப் பிடி. கையால அழுத்தாத, உடம்பால அழுத்து."

மெஷின் உறுமியது. ஸ்க்ரூ இறங்கியது.

"அடுத்தது நடுவுல."

ஒவ்வொன்றாக அடித்தாள். வேர்வை மாவோடு சேர்ந்து கழுத்தில் கோடாக இறங்கியது. என் கட்டையில் பாரம் இல்லாமல் போனது. அவள் இறங்கினாள். மெஷினைத் தரையில் வைத்துவிட்டு, அவருடைய நல்ல கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மறுகையைத் தொடவில்லை.

ஆட்டோவில் மட்டும் அவர் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் அவளைத் திட்டினார். ஒவ்வொரு திட்டுக்கும் அவள், "விரல் அசையுதா?" என்று மட்டும் கேட்டாள். அசைத்துக் காட்டினார், திட்டிக்கொண்டே.

டாக்டர் மயக்க ஊசி போட்டு, இழுக்காமல் கொள்ளாமல் நிதானமாகத் தோளை ஏற்றினார். படம் எடுத்துப் பார்த்தார். மயக்கம் தெளிந்ததும் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்து, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அவள் தலைமாட்டில் நின்றாள். டாக்டர் பழைய பேச்சைத் தொடங்குவதற்குள் அவரே சொன்னார்.

"அந்த ஆபரேஷனைப் பண்ணிருங்க டாக்டர்."

"உங்க வேலை? கை பின்னால முழுசாத் திரும்பாதுன்னா வேணாம்னீங்களே?"

"நான் கீழ இருந்துக்கிறேன். போர்டு அறுக்க, அளவெடுக்க எனக்குத் தெரியும். மேல ஏற ஆள் இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைக் காட்டினேன். அவள் யாரையும் பார்க்காமல், சட்டையில் படிந்த மாவைத் தட்டியபடி என்னிடம் கேட்டாள். "அக்கா, கடைசி ஸ்க்ரூ சரியா இறங்குச்சுல்ல?"

"நல்லா இறங்குச்சு" என்றேன்.

"இறங்கல" என்றார் அவர் படுக்கையிலிருந்து, கண்ணைத் திறக்காமல். "கடைசி ரெண்டும் தலையை நீட்டிக்கிட்டு நிக்குது. கீழ இருந்து பாத்தேன். நாளைக்குப் போனதும் மொத வேலையா அதை இறக்கு. அப்படியே விட்டுட்டுப் பட்டி பூசுன, தொழில் பேரு கெட்டுப்போகும்."

அவள் அங்கேயே, எங்கள் எல்லோருக்கும் முன்னால், சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "காலையிலேயே போய் இறக்கிடுறேன்" என்றாள்.